170 கிராமில் ஒரு கடப்பாரை: ஹாஃப்-லைஃப் வேஷத்துக்கு முழு வழிகாட்டி

அக்கா பையன் வந்து "மாமா, எனக்கு ஒரு கடப்பாரை வேணும்" என்று கேட்டபோது, தென்னங்கன்றுக்குக் குழி தோண்ட வீட்டில் வைத்திருக்கும் ஐந்தடிக் கடப்பாரையைத்தான் காட்டினேன். அவன் சிரித்துவிட்டு போனை நீட்டினான். வளைந்த கொக்கி, பாம்பு நாக்கு மாதிரி பிளந்த நுனி, மேலே சிவப்புப் பெயின்ட். நம் ஊர்க் கணக்கில் அது கடப்பாரையே இல்லை, சரக்குப் பெட்டி உடைக்கிறவர்கள் வைத்திருக்கும் ஆணி பிடுங்கி. ஆனால் கேம் ஆடுகிற பசங்க எல்லோரும் கடப்பாரை என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஹாஃப்-லைஃப் வால்வ் கம்பெனி உருவாக்கி 1998 நவம்பரில் வெளிவந்த கேம். நாயகன் கார்டன் ஃப்ரீமேன், இயற்பியல் ஆராய்ச்சியாளர். பிளாக் மெசா என்ற ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை கை மீறிப்போய் எல்லாம் நாசமான பிறகு அவர் கைக்குக் கிடைக்கும் முதல் ஆயுதம் இந்தக் கடப்பாரை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆடிய என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், ஏனென்றால் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கே முதலில் ஹாஃப்-லைஃபுக்கு மேல் ஏற்றிய மாட், அதாவது ரசிகர்கள் மாற்றிச் செய்த ஆட்டம்தான். அக்கா பையனோ 2023 நவம்பரில் 25ஆம் ஆண்டுக்காக வால்வ் சில நாள் இலவசமாக விட்டபோது இறக்கி ஆடியவன். கார்டன் ஃப்ரீமேன் கேமில் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார். அதனால் இந்த வேஷம் போடுகிறவனிடம் சொல்லிக் காட்ட டயலாக் எதுவும் கிடையாது, தாடி, கண்ணாடி, ஆரஞ்சு உடை, அப்புறம் கையில் அந்தக் கடப்பாரை, அவ்வளவுதான். கடப்பாரை சொதப்பினால் பார்க்கிறவர்கள் "யாருப்பா இது, கேஸ் கம்பெனி ஆளா?" என்பார்கள்.

நிஜ இரும்பில் ஏன் கூடாது? எடையைப் பாருங்கள். இரும்பு ஒரு கன சென்டிமீட்டர் 7.85 கிராம். இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலான ஆணி பிடுங்கி ஒன்று கிட்டத்தட்ட இரண்டு கிலோ வந்துவிடும். நாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றால் மறுநாள் தோள் இருக்காது. அதைவிட முக்கியம், காஸ்பிளே, அதாவது கேம், சினிமா பாத்திரம் மாதிரி வேஷம் போட்டு வருவது, நடக்கும் இடங்களில் உலோகப் பொருளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் செய்தது மளிகைக் கடைத் தராசில் 170 கிராம். உங்களுக்கு இருபது முப்பது கிராம் முன்னே பின்னே வரலாம், பரவாயில்லை.

பொருளுக்கு ஆம்பூர் பஸ் ஏறுங்கள்

இந்த மாதிரி வேலைக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துவது ஈ.வி.ஏ. ஃபோம், அதாவது எத்திலீன் வினைல் அசிடேட். இணையத்தில் 'காஸ்பிளே ஃபோம்' என்று தேடினால் விலையைப் பார்த்தே பலர் ஆசையை விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் ஆர்டர் போட்டு ஏமாந்தவன்தான், மூன்று ஷீட் சுருட்டி மடங்கிப்போய் வந்து சேர்ந்தது. அதைப் பிரித்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் இருபது வருஷம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் அதைக் கையில் எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது இன்சோல் ஷீட்டுப்பா, ஷூவுக்கு உள்ள வைக்கிறது, இதுக்கா கூரியர்ல காசு கொடுத்த?" என்றார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. வேலூர்ப் பக்கத்து ஆட்கள் நாம் உட்கார்ந்திருப்பது தோல் பதனிட்டு ஷூ தைக்கும் ஊரில். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் 2019இல் ராணிப்பேட்டை மாவட்டம், திருப்பத்தூர் மாவட்டம் என்று பிரிந்து போனாலும் பழைய வட ஆற்காடு ஆட்களுக்கு எல்லாம் ஒன்றுதான். காஸ்பிளே செய்கிறவர்கள் வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கஷ்டப்பட்டுக் கற்கிற எல்லாமே, ஃபோமை வெட்டுவது, இரண்டு பக்கமும் பசை தடவிக் காயவிட்டு ஒட்டுவது, ஓரத்தைச் சீவுவது, உராய்த்து வழவழப்பாக்குவது, இங்கே ஒரு ஷூ தொழிலாளியின் தினசரி வேலை. ஆகவே வேலூரிலிருந்து ஆம்பூருக்கு பஸ் ஏறுங்கள், 50 கிலோமீட்டர் சொச்சம். ஷூ மெட்டீரியல் விற்கும் கடையில் போய் "பாய், ஈவிஏ ஷீட்டு வேணும்" என்றால் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை எம்எம்?" இரண்டாவது "சோலுக்கா, உள்ளே வைக்கிறதுக்கா?" உள்ளே வைக்கிறதுக்கு என்று சொல்லுங்கள். சோலுக்கான ஷீட் கெட்டியாக, கனமாக இருக்கும், கத்தி இறங்காது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, ஐந்தாறு நொடியில் தானே மேலெழும்ப வேண்டும், அதுதான் நமக்குத் தேவையான பதம். பள்ளம் அப்படியே நின்றுவிட்டால் அது ரொம்ப லேசான பேக்கிங் ஃபோம், வேண்டாம்.

வாங்க வேண்டியது 3 மி.மீ., 6 மி.மீ., 10 மி.மீ. என மூன்று கனத்தில் ஒவ்வொரு ஷீட். கடையில் வெட்டித் தரமாட்டேன் என்றால் கழிவுத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள், இரண்டடித் துண்டு கிடைத்தாலே நம் வேலைக்குப் போதும். அதே கடையில் சொல்யூஷன் கால் லிட்டர் டின். வீட்டுப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஃபெவிகால் எஸ்.ஆர். 998 கிடைத்தாலும் அதே வகைதான், ரப்பர் பசை. மரவேலைக்கான வெள்ளை ஃபெவிகாலும் வேண்டும், ஆனால் அது ஒட்டுவதற்காக இல்லை, பின்னால் சொல்கிறேன். பஞ்சர் கடை சொல்யூஷன் வேறு சமாசாரம், அதை நம்பாதீர்கள். அப்புறம் ஒரு சில்வர் பேனா வாங்குங்கள். தோலில் அளவு குறிக்க ஷூ கம்பெனிகளில் வைத்திருப்பது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மார்க்கர் பேனாவில் குறித்தால் அந்த மை எத்தனை கோட்டிங் அடித்தாலும் மேலே ஊறிக்கொண்டு வரும்.

மீதியெல்லாம் வேலூரிலேயே கிடைக்கும். எலக்ட்ரிக்கல் வேலைக்கான 20 மி.மீ. பிவிசி பைப் அரை மீட்டர், பந்தல் கட்டுகிற 10 கேஜ் ஜி.ஐ. கம்பி இரண்டு முழம், எம்-சீல் ஒரு சின்ன பாக்கெட், 80, 220 நம்பர் எமரி ஷீட், உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டர் பிளேடு ஒரு டஜன், ஸ்டீல் ஸ்கேல். ஹீட் கன் இருந்தால் நல்லது, மொபைல் சர்வீஸ் கடைக்காரரோ ஸ்டிக்கர் ஒட்டுகிறவரோ தெரிந்தவராக இருந்தால் ஒரு நாள் கடன் வாங்குங்கள். ஹேர் டிரையர் சூடு பத்தாது. கேஸ் அடுப்பில் காட்டலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஈ.வி.ஏ. எரியும். ஆம்பூர் போனவர்கள் பிரியாணி சாப்பிடாமல் திரும்ப மாட்டார்கள் என்று தெரியும், ஷீட்டைச் சுருட்டாமல் தட்டையாகக் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் கத்தரிக்காய் தொட்டுக்கொள்ளும் நேரத்தில் மறந்துவிடாதீர்கள்.

அளவு

கேம் ஆடும்போது தெரிகிற கடப்பாரையைப் பார்த்து அளவெடுக்காதீர்கள், அது முகத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருப்பதால் நுனி சின்னதாகவும் பிடி பெரிசாகவும் தெரியும். பக்கவாட்டுப் படம் ஒன்றைத் தேடி எடுங்கள். முதல் கேமில் சிவப்பு, அதைப் பார்த்தால்தான் எல்லோருக்கும் டக்கென்று தெரிகிறது, அடுத்த கேமில் வேறு மாதிரி இருக்கும், இரண்டையும் கலக்காமல் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்ட மொத்த நீளம் 65 செ.மீ., அதில் கொக்கிக்கு 13, நடுத்தண்டு 42, தட்டை நுனிக்கு 10. போட்டுக்கொள்கிறவர் உயரத்துக்கு ஏற்ப மாற்றலாம், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் அடி நுனி கணுக்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும். சார்ட் பேப்பரில் முழு அளவில் பக்கத் தோற்றத்தை வரைந்து வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். கொக்கி சின்னதாகத் தோன்றும், கொஞ்சம் பெரிசாக்குங்கள், தூரத்திலிருந்து எடுக்கும் போட்டோவில் அதுதான் சரியாக வரும்.

தண்டு

நிஜக் கம்பி ஆறு பட்டையாக இருக்கும். உருண்டைப் பைப்பை அப்படியே பெயின்ட் அடித்தால் பைப் என்று தெரிந்துவிடும், பட்டை வந்துவிட்டால் கண் இரும்பு என்று நம்பிவிடும். கணக்கு சுலபம். பைப்பின் வெளி விட்டம் 20 மி.மீ., அதன்மேல் 3 மி.மீ. ஃபோம் சுற்றினால் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே 26 மி.மீ. அதை 0.577ஆல் பெருக்கினால் ஒரு பட்டையின் அகலம் 15 மி.மீ. ஆறு பட்டைக்கு 90 மி.மீ. ஆக 3 மி.மீ. ஃபோமில் 42 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டி வெட்டுங்கள். இந்த 26 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொக்கிக்கும் வரும்.

பட்டியின் உள்பக்கத்தில் 15 மி.மீ.க்கு ஒரு கோடாக ஐந்து கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் கத்தியை இந்தப் பக்கம் 30 டிகிரி சாய்த்து ஒரு வெட்டு, அந்தப் பக்கம் 30 டிகிரி சாய்த்து ஒரு வெட்டு, நடுவில் நீளமான முக்கோண நூல் ஒன்று கழன்று வரும். முழுக்க அறுத்துவிடாதீர்கள், வெளிப்பக்கத்தில் அரை மில்லிமீட்டராவது விட்டுவைக்க வேண்டும், அதுதான் கீல். முதல் தடவை எனக்கு இரண்டு இடத்தில் அறுந்தே போனது, கழிவுத் துண்டில் நாலைந்து கோடு போட்டுப் பழகிய பிறகுதான் கை நின்றது. இரண்டு ஓரத்தையும் 30 டிகிரிக்குச் சாய்த்துச் சீவிக்கொள்ளுங்கள், மூடும்போது இணைப்பு சரியாக ஒரு மூலையில் போய் உட்காரும், பட்டைக்கு நடுவில் தையல் மாதிரித் தெரியாது.

கட்டர் பிளேடை உடைக்கக் கஞ்சத்தனம் படாதீர்கள். ஃபோம் பார்க்கத்தான் பஞ்சு மாதிரி, இரண்டு மீட்டர் வெட்டியதுமே பிளேடு மழுங்கிவிடும், மழுங்கினால் அறுக்காது, கிழிக்கும், ஓரமெல்லாம் எலி கடித்த தோசை மாதிரி ஆகிவிடும்.

இப்போது பசை. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் இதுதான், கற்றுக்கொடுத்தவர் அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன். சொல்யூஷனை இரண்டு பக்கமும், அதாவது ஃபோம் பக்கமும் பைப் பக்கமும், மெல்லிசாகத் தடவ வேண்டும். பைப்பை முன்னதாகவே எமரியால் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிடுங்கள், வழுவழு பிவிசியில் பிடிக்காது. தடவியதும் ஒட்டக்கூடாது. சும்மா இருக்க வேண்டும். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். நான் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என் கையைத் தட்டிவிட்டு, "நுனி விரல் எப்பவும் பிசுபிசுன்னுதான் சொல்லும், மொளியால தொடு" என்றார். விரலை மடக்கி முட்டியால் பசையை லேசாகத் தொட வேண்டும். ஒட்டிக்கொண்டு நூல் இழுத்தால் இன்னும் ஆகவில்லை. தோல் மாதிரி காய்ந்து, தொட்டால் கையோடு வராமல், ஆனால் லேசாகப் பிடித்து விடுகிற மாதிரி இருந்தால் அதுதான் நேரம். அந்த நேரத்தில் இரண்டையும் சேர்த்தால் சேர்த்த இடத்தில் சேர்ந்ததுதான், நகர்த்த முடியாது, பிரித்தால் ஃபோம் கிழியும். அதனால் பைப்பை நட்டநடுவில் கோடு பார்த்து வைத்து, ஒரு பட்டை, அடுத்த பட்டை என்று உருட்டிக்கொண்டே போங்கள். உருட்டுவதற்கு முன் ஃபோமை ஹீட் கன்னில் லேசாகச் சூடாக்கி மடித்துப் பழக்கிவிட்டால் முறைத்துக்கொண்டு நிற்காது.

இந்தப் பசையில் இருக்கிற கரைப்பானின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள். அறைக்குள், சாமி விளக்கு எரிகிற இடத்தில், சமையல்கட்டுப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். சின்னப் பசங்க கையில் டின்னைக் கொடுக்காதீர்கள், வேலை முடிந்ததும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொக்கி

முதலில் நான் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு பைப்பையே வளைக்கப் பார்த்தேன். பாலாற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மணலுக்குப் பஞ்சமில்லையே, ஒரு சொம்பு மணல் எடுத்து வந்து காயவைத்து பைப்புக்குள் கெட்டியாக அடைத்து, இரண்டு முனையையும் அடைத்துச் சூடு காட்டி வளைத்தால் நசுங்காது என்பது பழைய பிளம்பர் வித்தை. பெரிய வளைவுக்கு அது சரி. கொக்கியோ ரொம்பச் சின்ன வளைவு. ஒரு பக்கம் மடங்கி, மறுபக்கம் கருகி, மூக்கை எரிக்கும் புகை வந்தது. பிவிசி கருகினால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு, அமில வாயு. இருமிக்கொண்டே தூக்கிப் போட்டேன். நீங்கள் அந்த வழிக்கே போகாதீர்கள்.

சரியான வழி அடுக்கு முறை. 10 மி.மீ. ஃபோம் ஒன்று, 6 மி.மீ. ஒன்று, இன்னொரு 10 மி.மீ., கூட்டினால் 26. தண்டின் கனமும் அதே 26. சார்ட் பேப்பர் அச்சை வைத்து மூன்றிலும் கொக்கியின் பக்க வடிவத்தை வெட்டுங்கள், கைத்தடியின் வளைந்த பிடியை நினைத்துக்கொண்டு, நுனி மட்டும் விரிந்து போகிற மாதிரி. 10 மி.மீ.யை ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள், கத்தியை நேராக நிறுத்தி மூன்று இழுப்பில் வெட்டினால் சுவர் மாதிரி ஓரம் வரும். நடுவில் உள்ள 6 மி.மீ. துண்டில் மட்டும் வளைவின் மையத்தோடு கம்பி போகும் அளவுக்கு ஒரு வாய்க்கால் வெட்டி எடுங்கள். ஜி.ஐ. கம்பியை அதே வளைவுக்கு வளைத்து உள்ளே படுக்க வையுங்கள். இரண்டு விஷயத்தில் கவனம். கம்பியின் மேல் முனை பிளவு நுனிக்கு 5 செ.மீ. முன்னாலேயே நின்றுவிட வேண்டும், முனையை வட்டமாகச் சுருட்டிவிட வேண்டும், கூட்டத்தில் யார் கண்ணிலாவது பட்டாலும் குத்தக்கூடாது. கீழ் முனை கொக்கிக்கு வெளியே 12 செ.மீ. நீண்டு, கொண்டை ஊசி மாதிரி மடங்கி இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பியாக விட்டால் பைப்புக்குள் சுழலும், கொக்கி ஒரு பக்கம் பார்க்கும், தட்டை நுனி இன்னொரு பக்கம் பார்க்கும். உலோகமே கூடாது என்கிற நிகழ்ச்சிக்குப் போவதானால் கம்பிக்குப் பதிலாக மூங்கில் சிம்பு, கொக்கி கொஞ்சம் ஆடும், பரவாயில்லை.

மூன்று அடுக்கையும் சொல்யூஷன் போட்டு, முட்டியால் தொட்டுப் பார்த்து, ஒட்டுங்கள். அடி நுனியும் இதே மாதிரிதான், நேராக இல்லாமல் 15 டிகிரி போல ஒரு சின்னச் சாய்வோடு, அதற்கும் ஒரு மடித்த கம்பி.

அப்புறம் சீவல். இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், செய்துதான் பார்க்க வேண்டும். ஷூ கம்பெனிகளில் தோலின் ஓரத்தை மெல்லிசாக்குவதற்கு ஸ்கைவிங் என்பார்கள். கத்தியைக் கிட்டத்தட்ட படுக்க வைத்து, நீளமான இழுப்பாக, ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டாமல் ஒரே வீச்சில் சீவ வேண்டும். அண்ணன் கொக்கியைத் தொடைமேல் ஒரு ரப்பர் பலகையை வைத்து அதன்மேல் படுக்கப்போட்டு, இடது கைக் கட்டைவிரலால் ஃபோமைக் கத்தியை நோக்கி மெல்லத் தள்ளிக்கொண்டே சீவினார், 26 மி.மீ. கனம் நுனிக்கு வரும்போது 5 மி.மீ. ஆகியிருந்தது, நடுவில் ஒரு மேடு பள்ளம் இல்லை. நான் சீவிய மறுமுனை படிக்கட்டு மாதிரி இருந்தது. அது எமரியில் சரியாகிவிட்டது என்பது வேறு கதை. கொக்கியின் நான்கு மூலையைத் தண்டின் ஆறு பட்டையோடு போய்ச் சேரும் மாதிரிச் சீவிவிட்டு, நுனியில் 4 செ.மீ. நீளத்துக்கு ஆங்கில 'வி' மாதிரி ஒரு பிளவு வெட்டினால் ஆணி பிடுங்கி முகம் வந்துவிடும்.

சேர்க்கும்போது கம்பி வாலில் ஃபோம் பட்டி சுற்றி, பைப்புக்குள் இறுக்கமாகப் போகும் அளவுக்குக் கொண்டுவந்து, கோலிக்குண்டு அளவு எம்-சீல் பிசைந்து வாயில் வைத்து உள்ளே தள்ளுங்கள். அதற்குமேல் வைக்காதீர்கள், எடை ஏறும். இணைப்பு முகத்தில் சொல்யூஷன். ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். மறுநாள் 80 எமரி, பிறகு 220. மூக்கில் மாஸ்க். அடுக்குகளுக்கு இடையே தெரியும் கோட்டுக்கு, எமரி தேய்த்து விழுந்த ஃபோம் தூளையே வெள்ளை ஃபெவிகாலில் குழைத்து அப்பிவிட்டுக் காய்ந்ததும் தேய்த்தால் காணாமல் போகும்.

மூடல், நிறம்

ஃபோமில் நேராகப் பெயின்ட் அடித்தால் பஞ்சு தண்ணீர் குடிக்கிற மாதிரிக் குடித்துவிட்டு மங்கிப்போய் நிற்கும். முதலில் ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே காட்டுங்கள், மேல்தோல் லேசாகப் பளபளக்கும், அப்போது துளைகள் மூடிக்கொண்டன என்று அர்த்தம். சொல்யூஷன் போட்ட இணைப்புப் பக்கம் ரொம்ப நேரம் காட்டாதீர்கள், வாய் பிளக்கும். பிறகு வெள்ளை ஃபெவிகாலில் சமபங்கு தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் நான்கு கோட்டிங், ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி தெளிந்த பிறகுதான் அடுத்தது. மே மாதத்தில் அரை மணிக்கு ஒன்று அடிக்கலாம். ஐப்பசி அடைமழையில் ஒரு கோட்டிங்குக்கு ஒரு ராத்திரி பிடிக்கும், அவசரப்பட்டால் உள்ளே ஈரம் நின்று பெயின்ட் குமிழ் விடும். மழைக்காலத்தில் ஸ்ப்ரே பெயின்டும் வெளுத்துப் பூத்துப்போகும், சொல்யூஷனும் ஈரக்காற்றில் சரியாகப் பிடிக்காது. அக்னி நட்சத்திரத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை, பிரஷ்ஷை எடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள் பசை காய்ந்துவிடும். ஆகவே வெயில் காலத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வேலையை வையுங்கள்.

கேட்டுக்கு அடிக்கும் எனாமல் வேண்டாம், நெகிழ்கிற பொருள்மேல் அது வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அக்ரிலிக் போதும். முதலில் முழுக்கக் கறுப்பு. சிவப்பு அடிக்க வேண்டிய கடப்பாரைக்குக் கறுப்பா என்றால், ஆமாம், பெயின்ட் உரிந்த இடத்தில் அடியிலிருந்து தெரிய வேண்டியது இரும்பு.

இங்கே ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு, வீடு கட்டுகிற இடம் எதற்காவது போய் அங்கே சாய்த்து வைத்திருக்கும் கடப்பாரையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான் சத்துவாச்சாரியில் ஒரு கட்டடத்தில் பார்த்தேன், மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முழுக்க ஒரே மாதிரி துரு இருக்காது. தரையில் இறங்குகிற நுனி ஒரு சாண் அளவுக்கு எவர்சில்வர் மாதிரி மின்னும். இரண்டு கை பிடிக்கிற இடம் துரு இல்லாமல், வியர்வையும் எண்ணெயும் ஏறி, கறுத்து வழவழவென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் யாரும் தொடாத இடத்தில்தான் செங்கல் நிறத் துரு. வீடியோக்களைப் பார்த்து எல்லா இடத்திலும் சமமாக அழுக்கு பூசுகிறவர்களுடைய பொருள் பொம்மை மாதிரித் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

கறுப்பு நன்றாகக் காய்ந்ததும், உரிந்த மாதிரி தெரிய வேண்டிய இடங்களில், அதாவது கொக்கியின் முதுகு, பிளவு நுனி, தட்டை நுனி, ஆறு பட்டையின் மூலைகளில் அங்கங்கே, டூத் பேஸ்ட்டைப் பஞ்சால் ஒற்றுங்கள். ஒழுங்கில்லாமல் ஒற்றுங்கள். அதன்மேல் சிவப்பை மெல்லிசாக இரண்டு மூன்று கோட்டிங். கொஞ்சம் காய்ந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் பேஸ்ட்டோடு சிவப்பும் பெயர்ந்து வந்து, கறுப்பு சில்லு சில்லாகத் தெரியும். ரொம்பத் தண்ணீர் விடாதீர்கள், அடியில் இருப்பது வெள்ளை ஃபெவிகால்.

அடுத்தது செலவே இல்லாத வித்தை. பென்சில் கூரை எமரியில் தேய்த்துத் தூளாக்கி, விரலால் தொட்டு அந்தக் கறுப்புத் திட்டுகளில் தேயுங்கள். கிராஃபைட் இரும்பு மாதிரியே மின்னும். சில்வர் பெயின்ட் அடித்தால் கல்யாண மண்டப நாற்காலி மாதிரி ஆகிவிடும், பென்சில் தூள் அப்படி ஆகாது. நுனியில் நிறைய, கைபிடியில் குறைவாக. துருவுக்கு, பழைய செங்கல்லைத் தரையில் உரைத்து எடுத்த தூளைப் பழுப்பு அக்ரிலிக்கில் கலந்து, தொடாத இடங்களில் ஸ்பாஞ்சால் ஒற்றினால் சொரசொரப்போடு வரும். கடைசியாக மேட், அதாவது பளபளக்காத, வார்னிஷ் ஸ்ப்ரே ஒரு கோட்டிங், தூர நின்று, லேசாக. கிட்டே போய் அடித்தால் கிராஃபைட்டின் மினுமினுப்பு செத்துவிடும்.

கொண்டுபோவது

சென்னையில் 2024 பிப்ரவரியில் முதல் காமிக் கான், அதாவது காமிக்ஸ், கேம் ரசிகர்கள் கூடும் விழா, நடந்ததிலிருந்து நம்ம ஊர்ப் பசங்களுக்குக் காட்பாடியில் ரயில் ஏறிக் காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம் என்ற தைரியம் வந்திருக்கிறது. 65 செ.மீ. பொருள் முதுகுப் பையில் அடங்காது, கொக்கி வெளியே தலையை நீட்டும். ஸ்டேஷனில் ஒருவன் பையிலிருந்து கடப்பாரை நீட்டிக்கொண்டிருந்தால் போலீஸ்காரர் கூப்பிட்டு விசாரிப்பது அவர் கடமை. லுங்கியில் சுற்றி எடுத்துப் போங்கள், கேட்டால் மறைக்காமல் பிரித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எங்களைக் கேட்டவர் கனமாக இருக்கும் என்று கையை இறுக்கித் தூக்கினார், அது சட்டென்று அவர் தோளுக்கு மேல் போய்விட்டது. உங்களுக்கு இந்த வம்பே வேண்டாம் என்றால் தண்டின் நடுவில் பைப்பை இரண்டாக வெட்டி, உள்ளே நுழைகிற சின்னப் பைப் துண்டு ஒன்றை ஒரு பாதியில் மட்டும் ஒட்டி, கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்யலாம், ஆட்டம் இருந்தால் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. ஆனால் இதை ஃபோம் சுற்றுவதற்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் மே மாதம் ஒரு மதியம் பின் சீட்டில் கிடந்ததற்கே கொக்கியின் அடுக்கு ஒன்று அரை விரல் நீளத்துக்கு வாய் திறந்துவிட்டது. அன்றைக்குத் திறந்த வாயை முட்டித் தொடலோடு மறுபடி சொல்யூஷன் போட்டு மூடினேன், இன்றுவரை பிரியவில்லை. நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது என்றால், சொல்யூஷன் டின்னை ரயிலில் எடுத்துப்போக முடியாது, தீப்பிடிக்கிற பொருள். ஃபெவிக்விக் ஒன்று, கறுப்பும் சிவப்பும் அக்ரிலிக் மூடியளவு, பென்சில் துண்டு ஒன்று, இவ்வளவையும் ஒரு டப்பாவில் போட்டுப் பையில் வையுங்கள். பிளவு நுனிதான் முதலில் அடிபடும், கூட்டத்தில் யாராவது வாங்கிப் பார்த்துவிட்டுத் தரையில் ஊன்றி நிற்பார்கள். அங்கே சிவப்பு பெயர்ந்தால் பதறாதீர்கள், அந்த இடத்தில் பென்சிலைத் தேய்த்துவிட்டுப் போங்கள்.